கொட்டாங்குச்சியில் தொங்கு விளக்கு

சட்னிக்குத் துருவிய கொட்டாங்குச்சியைத் தூக்கிப் போடாதீர்கள், அழகான தொங்கு விளக்கு செய்யலாம். முற்றிய தேங்காயின் ஓடாக, கண் இருக்கும் பாதியாகப் பார்த்து எடுங்கள். மூன்று கண்களில் ஒன்று மட்டும் மெலிதாக இருக்கும், முளை வருகிற கண் அது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினாலே திறந்துகொள்ளும். வட்ட அரத்தால் கொஞ்சம் பெரிதாக்கினால் ஒயர் நுழைய அந்த ஓட்டையே போதும்.

உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயை ஒட்டச் சுரண்டிவிடுங்கள். கொஞ்சம் மிச்சமிருந்தாலும் எறும்பு வரும், பூஞ்சணமும் பிடிக்கும். நன்றாக வெயிலில் காய்ந்த பிறகு வெளிநாரை வழித்து, 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220 என்று தேயுங்கள். தூசி பொல்லாதது, மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் கரும்பழுப்பு நிறம் எழும்பி வரும். எனக்கு வார்னிஷைவிட இதுதான் பிடிக்கும்.

சுவரில் ஒளிப்புள்ளிகள் விழ வேண்டுமா? டிரில்லில் 3 மி.மீ. பிட் மாட்டித் துளையிடுங்கள், உள்ளே மரக்கட்டையை முட்டுக் கொடுத்து.

பல்பு 3 வாட் எல்இடி, வார்ம் ஒயிட். குண்டு பல்பு வேண்டவே வேண்டாம், அந்தச் சூட்டில் ஓடு கருகும். ஹோல்டர் மூடிக்குள் ஒயரில் ஒரு முடிச்சுப் போடுங்கள். ஓட்டின் பாரம் முடிச்சில் நிற்கும், ஸ்க்ரூவில் மாட்டிய கம்பியை இழுக்காது. மெயின் இணைப்பை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.