மலைநடைக்கும் கூடாரத் தங்கலுக்கும் குக்ரி வாங்குவது எப்படி

1814 முதல் 1816 வரை ஆங்கிலேயக் கம்பெனிப் படைக்கும் நேபாளத்துக்கும் நடந்த போருக்குப் பிறகு, கூர்க்கா வீரர்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டே குக்ரி என்ற வளைந்த நேபாளக் கத்தி வெளியுலகுக்கு வந்து சேர்ந்தது. அதனால் இன்றும் அதை வாங்கப் போகிறவர்களில் பலர் ஒரு போர்வீரனின் ஆயுதத்தை மனத்தில் வைத்துக்கொண்டே கடைக்குள் நுழைகிறார்கள். மலைநடைக்காகக் கத்தி தேடுபவர் பார்க்க வேண்டியது வேறு. விறகு பிளக்கவும், மூங்கில் சீவவும், ஆட்டுக்குத் தழை வெட்டவும், தசைன் திருநாளில் கறி அறுக்கவும் என்று நேபாள மலைக்கிராமத்து உழவர் நாள் முழுவதும் இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கும் எளிய வேலைக் கத்தியே நமக்கு அளவுகோல். உறையை விட்டு உருவினால் இரத்தம் பார்க்காமல் உள்ளே போகாது என்ற கதையை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீட்டில் தினமும் காய் நறுக்கும் கத்திக்கு அப்படி ஒரு விதி இருக்க முடியாது.

முதலில் எங்கே நடக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். எவரெஸ்ட் சிகரத்தை உள்ளடக்கிய சாகர்மாதா தேசியப் பூங்கா 1976-இல் அமைக்கப்பட்டது. காடு அழிவதைத் தடுக்க அங்கே மலைநடைப் பயணிகள் விறகு எரிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. இரவெல்லாம் விடுதிகளில் தங்கி, பகலில் நன்கு தேய்ந்த பாதையில் நடக்கிறவருக்குப் பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் ஒரு சிறு மடக்குக் கத்தி போதும். அங்கே குக்ரி தோளில் ஏறும் சுமைதான். காய்ந்த மரத்தைப் பயன்படுத்த அனுமதி உள்ள இடத்தில் தங்குகிறவர், புதர் மண்டிய பாதையை விலக்கிக்கொண்டு போகிறவர், கூடாரத்துக்கு முளை சீவி அடிக்கிறவர் ஆகியோருக்கு இது சிறு கோடரியின் வேலையையும் கத்தியின் வேலையையும் சேர்த்துச் செய்யும். இனி அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

அளவும் எடையும்

குக்ரியின் நீளத்தை அங்குலத்தில் சொல்வார்கள். சொல்லப்படும் எண் இரும்புப் பகுதியை மட்டும் குறிக்கிறதா, கைப்பிடியையும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்து அங்குலம் என்று நினைத்து வாங்கியது வீட்டுக்கு வந்து அளந்தால் ஆறாக இருக்கக்கூடும். பொதுவான பயன்பாட்டுக்கு எட்டு முதல் பத்து அங்குல இரும்பு சரியாக இருக்கும். எட்டங்குலம் சுமக்க எளிது. மணிக்கட்டு அளவுக் கிளைவரை தயக்கமின்றி வெட்டும். பத்தங்குலத்தில் விறகு பிளக்கும் வலு கூடுகிறது, எடையும் அரைக் கிலோவைத் தாண்டிவிடுகிறது. அதற்கு மேற்பட்டவை ஓரிடத்தில் தங்கி வேலை செய்பவருக்கு உரியவை.

நீளத்தைவிட முதுகின் தடிமனே எடையைத் தீர்மானிக்கிறது. பிடி தொடங்கும் இடத்தில் உள்ள உலோக வளையமான பூணை ஒட்டி முதுகு ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் இருந்தால் கூடார வேலை எதையும் அது தாங்கும். பத்து மில்லிமீட்டர் கனமுள்ள கத்தி கடையில் கையில் எடுத்தவுடன் கம்பீரமாகத் தோன்றும். நான்காம் நாள் ஏற்றத்தில் அந்தக் கம்பீரம் முதுகுப் பையில் கல்லாகக் கனக்கும்.

வளைவின் வேலை

குக்ரியின் முதுகு நடுவில் கீழ்நோக்கி முறிந்ததுபோல் இறங்குகிறது. அந்த இறக்கத்துக்கு அப்பால் வயிறுபோல் அகலும் பகுதியில்தான் எடை கூடியிருக்கிறது. அதனால் வீசும்போது கை கொடுக்கும் விசையோடு இரும்பின் எடையும் முன்னால் போய் விழுகிறது. அதோடு, வளைவின் காரணமாக வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மரத்தில் நேராக மோதாமல் சாய்ந்து இறங்கி இழுத்து அறுக்கிறது. அரிவாள் பிடித்துப் பழகியவர்களுக்கு இந்த உணர்வு உடனே பிடிபடும். கடையில் கத்தியைக் கையில் எடுத்து, ஆள் இல்லாத பக்கம் திரும்பி, முழங்கையிலிருந்து மெதுவாக இரண்டு முறை வீசிப் பாருங்கள். எடை வயிற்றில் விழுவது தெரிய வேண்டும். ஆனால் வீச்சை நடுவில் நிறுத்தும்போது மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளக் கூடாது. முறுக்கிக்கொண்டால் அந்தக் கத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு உரியதில்லை.

வகைகளில் பெயர்கள் ஏராளம். மலைநடைக்கு மூன்று நான்கைத் தெரிந்துகொண்டால் போதும். சிரு என்ற புல்லின் இலையைப் போல் ஒடுங்கி நீண்டது சிருபாதே. எடை குறைவு, புதரும் புல்லும் மெல்லிய கிளையும் வெட்ட ஏற்றது, ஆனால் தடித்த விறகைப் பிளக்கும்போது திணறும். கிழக்கு நேபாளத்தின் போஜ்பூரிலிருந்து பெயர் பெற்ற போஜ்புரே அகன்ற வயிறும் தடித்த முதுகும் கொண்டது. விறகு வேலைக்கு இதைவிட நம்பகமான வடிவம் எனக்குத் தெரியாது. முதுகை ஒட்டிப் பக்கவாட்டில் குழிவாகத் தோண்டப்பட்ட ஆங்கோலா, வலுவைப் பெரிதும் இழக்காமல் கொஞ்சம் எடையைக் குறைத்துக்கொள்கிறது. ராணுவ வீரர்களுக்கு வழங்கப்படும் வடிவத்தைப் பின்பற்றும் சர்வீஸ் நம்பர் ஒன் இவற்றுக்கு நடுவே நிற்கிறது. எதை வாங்குவது என்று தெரியாமல் தவிக்கும் புதியவருக்கு நான் சொல்வது அதைத்தான். வெள்ளி வேலைப்பாடு செய்த உறையோடு வரும் கோதிமோரா பரிசளிப்பதற்கான பொருள். அதைக் காட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம்.

இரும்பும் பதமும்

ஒரு குக்ரியின் தரத்தில் முக்கால் பங்கு கொல்லர் அதற்குப் பதமேற்றிய விதத்தில் இருக்கிறது. நேபாளக் கொல்லர்கள் பெரும்பாலும் பழைய லாரிகளின் பட்டை வில்லை வெட்டி, கரி உலையில் காய்ச்சி, அடித்து உருவாக்குகிறார்கள். 5160 என்ற எண்ணால் குறிக்கப்படும் வில் எஃகில் சுமார் 0.6 விழுக்காடு கார்பன் இருக்கும். வளைந்து கொடுக்கும், எளிதில் உடையாது, கூர்மையும் நிலைக்கும். துருப்பிடிப்பது மட்டுமே அதன் குறை.

ஆரன் என்று நேபாளியில் சொல்லப்படும் உலைக்களம் ஒன்றில் இதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வடிவம் முடிந்த கத்தியைக் கொல்லர் செம்பழுப்பாகக் காய்ச்சி எடுத்து, வாய் மேல்பக்கம் வரும்படி பிடித்துக்கொண்டார். தேநீர்க் கெட்டிலிலிருந்து விரல் தடிமன்கூட இல்லாத தண்ணீர்த் தாரையை அந்த விளிம்பின்மேல் முன்னும் பின்னுமாக ஓட்டினார். வயிற்றுப் பகுதியில் மட்டும் தாரை கூடுதலாக நின்றது. விளிம்பு கறுத்துச் சீறியபோதும் முதுகு சிவப்பாகவே இருந்தது. பிறகு கெட்டிலை நிறுத்திவிட்டு, முதுகில் மிஞ்சிய சூடு விளிம்புக்கு ஏறி அதன் முறுக்கைச் சற்றுத் தளர்த்துவதற்காக, நிறம் மாறுவதைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அளவுக் கருவி எதுவும் அந்த அறையில் இல்லை.

ஆகவே ஒரே கத்தியில் வயிற்றின் விளிம்பு கடினமாகவும், முதுகு மென்மையாகவும், நுனியும் பூணை ஒட்டிய பகுதியும் இடைப்பட்டும் இருக்கின்றன. வாங்கிய பிறகும் இதை மறக்கக் கூடாது. பலமான வெட்டு எப்போதும் வயிற்றில் விழ வேண்டும். நுனியால் நெம்புகிறவர்களும், பூண் பக்கத்து வாயால் எலும்பை வெட்டுகிறவர்களும் கத்தியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

பதத்தைச் சோதிக்கக் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு சிறிய அரத்தை வயிற்றின் விளிம்பில் மெதுவாக ஓட்டுங்கள். நன்கு பதமேறிய இடத்தில் அரம் வழுக்கப் பார்க்கும். முதுகில் அதே அரம் கவ்விக்கொள்ளும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி கவ்வினால் அது பதமேறாத இரும்பு. அனுமதி கிடைத்தால் காய்ந்த மூங்கிலிலோ கெட்டியான விறகிலோ பத்து வெட்டு வெட்டி, வாயை விளக்குக்கு நேராகத் திருப்பிப் பாருங்கள். விளிம்பில் எங்காவது ஒளி மின்னினால் அந்த இடம் மடிந்திருக்கிறது அல்லது சில்லு உதிர்ந்திருக்கிறது. சுவரில் மாட்டுவதற்காகச் செய்யப்படும் துருப்பிடிக்காத எஃகுக் கத்திகள் இந்தச் சோதனையில் தேறுவது அரிது. பூணுக்கு அருகே வாயில் இருக்கும் சிறு வெட்டை நேபாளியில் சோ அல்லது கௌடி என்பார்கள். பசுவின் குளம்பு, சிவனின் சூலம் என்று அதற்குப் பல விளக்கங்கள் உண்டு. வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அதன் மூலைகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்பதை.

பிடி

என் முதல் குக்ரியைக் காட்மாண்டுவில் சுற்றுலாப் பயணிகள் கூடும் தெரு ஒன்றில், கண்ணாடிபோன்ற பளபளப்பைப் பார்த்து வாங்கினேன். மூன்றாம் நாள் மாலை ஈர விறகை வெட்டிக்கொண்டிருந்தபோது பிடிக்குள் ஏதோ ஆடுவதை உள்ளங்கை உணர்ந்தது. நிறுத்திவிட்டுப் பார்த்தபோது பூணுக்கும் மரத்துக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி. இன்னும் நான்கு வீச்சு வீசியிருந்தால் இரும்பு தனியாகப் பறந்திருக்கும், எதிரே நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து கத்தியைக் கையில் எடுத்தால் முதலில் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன்.

மரபான பிடிக்குள் இரும்பின் வால் ஒடுங்கி நுழைகிறது. லாஹா என்ற அரக்குப் பசை அதைப் பிடித்துக்கொள்கிறது. அந்த வால் பிடி முழுவதும் ஓடி, அடித்தகட்டின் வழியே வெளிவந்து, தட்டி மடக்கப்பட்டிருக்க வேண்டும். அடியில் அந்த இரும்பு முனை தெரியும். தெரியாவிட்டால் பாதியிலேயே நின்ற வாலைப் பசை மட்டும் தாங்குகிறது என்று பொருள். பனாவல் என்ற மற்றொரு வகையில் இரும்பு பிடியின் முழு அகலத்துக்கும் ஓடி, இரு பக்கமும் மரத்துண்டுகள் ஆணியால் இறுக்கப்பட்டிருக்கும். எடை கூடும், அதிர்ச்சியும் கைக்கு ஏறும். ஆனால் என்ன தளர்ந்தாலும் வெளியே தெரிந்துவிடும். காட்டில் தொலைவு போகிறவருக்கு நான் பனாவலையே விரும்புகிறேன். எருமைக் கொம்புப் பிடி அழகானது, ஆனால் ஈரத்தில் வழுக்கும், வறண்ட குளிரில் வெடிக்கும். சீசம் மரப் பிடி போதுமானது. நேபாளப் பிடிகள் பொதுவாகச் சிறியவை என்பதால், குளிர்க் கையுறை போட்டு வேலை செய்கிறவர் அதே கையுறையோடு பிடித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

உறை

உறை என்பது இரண்டு மெல்லிய மரப்பலகைகளின்மேல் தோல் போர்த்தித் தைத்தது. கத்தியை உள்ளே விட்டுத் தலைகீழாகப் பிடித்தால் அது தானாக நழுவக் கூடாது. உருவும்போது திணறவும் கூடாது. முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. உருவும்போது உறையைச் சுற்றி விரல்களை வளைத்துப் பிடிக்காதீர்கள். கூரான வாய் பலகைகளுக்கு நடுவே உள்ள தையலை அறுத்துக்கொண்டு வெளிவரக்கூடும். அந்தப் பக்கம் விரல் இருந்தால் விரல் போகும். உறையின் முதுகுப் பக்கத்தை மட்டும் பிடித்து, கத்தியின் முதுகு உறையின் முதுகோடு உரசி வரும்படி மெதுவாக உருவ வேண்டும்.

உறையின் பின்புறத்தில் இரண்டு சிறு கருவிகள் இருக்கும். கர்தா என்பது பென்சில் சீவுவது போன்ற நுண்ணிய வேலைகளுக்கான குட்டிக் கத்தி. சக்மக் என்பது கூரில்லாத இரும்பு, மடிந்த வாயை நிமிர்த்தவும் சிக்கிமுக்கிக் கல்லில் தட்டித் தீப்பொறி எடுக்கவும் பயன்படுவது. பல கடைக் கத்திகளில் இவை பெயருக்குத்தான் இருக்கின்றன. சக்மக்கால் குக்ரியின் வாயை அழுத்தித் தடவிப் பாருங்கள். சக்மக்கில் ஆழமாகக் கீறல் விழுந்தால் அது வெறும் தகரத் துண்டு.

விலை பேசும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளக் கேட்கிறேன். இந்தக் கத்தியைச் செய்வோர் விஸ்வகர்மா என்று தம்மை அழைத்துக்கொள்ளும் காமி சமூகத்துக் கொல்லர்கள். நாட்டின் அடையாளமாகிவிட்ட பொருளைச் செய்த கைகளை, 1963-ஆம் ஆண்டுச் சட்டம் தீண்டாமையைத் தடைசெய்த பின்னரும் சமூகம் ஒதுக்கியே வைத்திருந்தது. முடிந்தால் பட்டறையிலேயே வாங்குங்கள். செய்தவரிடமே பிடியைப் பற்றியும் பதத்தைப் பற்றியும் கேட்க முடியும், பணமும் அவர் கைக்கே போகும்.

பேணுதல்

வேலை முடிந்ததும் மரச்சாற்றைத் துடைத்து, ஈரம் உலர்ந்த பின் மெல்லிய பூச்சாக எண்ணெய் தடவுங்கள். நேபாளத்தில் கடுகெண்ணெய் தடவுவார்கள். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதானால் உறையிலிருந்து எடுத்து வையுங்கள், தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்புக்குக் கொடுத்துவிடும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளும் நெருப்பின் அருகிலும் வைக்காதீர்கள், அரக்கு இளகிப் பிடி தளரும்.

குக்ரியின் வாய் உப்பிய வடிவில் இறங்குவதால் தட்டையான கல்லில் வைத்துத் தீட்டினால் அந்த வடிவம் கெடும், உள்வளைவுக்குக் கல் எட்டவும் செய்யாது. உருண்டைக் கம்பில் உப்புக்காகிதத்தைச் சுற்றி, பூணிலிருந்து நுனிவரை ஒரே திசையில் தடவுவது எளிய வழி. மின்சாரச் சாணைக்கு மட்டும் கொடுக்காதீர்கள். சில நொடிகளில் விளிம்பு நீலம் பாயும். கொல்லர் கெட்டில் தண்ணீரால் ஏற்றிய பதம் அந்த இடத்தில் போய்விடும்.

ஊர் திரும்பும்போது விமானத்தில் குக்ரியைக் கைப்பையில் வைக்க அனுமதியில்லை. நுனிக்கும் வாய்க்கும் தடித்த அட்டை சுற்றி, உறையோடு சேர்த்துக் கட்டி, சரக்கில் ஏற்றும் பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே வையுங்கள். போய் இறங்கும் நாட்டில் இத்தனை நீளமுள்ள கத்தியை வைத்திருக்கவும் வெளியில் எடுத்துச் செல்லவும் என்ன விதி என்பதை, வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.