உப்புக் காற்று பட்ட முகத்துக்கு முல்தானி மெட்டி: முதல்முறை பூசுகிறவர்களுக்கு

மண்டபம், பாம்பன் பக்கம் மதியத்தில் கரைவரை போய்விட்டு வந்து கன்னத்தைத் தடவிப் பாருங்கள், விரலில் உப்பு நறநறக்கும். அதன் மேலேயே முல்தானி மெட்டி மண்ணைப் பூசிவிடாதீர்கள். நான் அப்படிப் பூசி, இரண்டு நாள் கன்னம் எரிந்து தோல் உரிந்தது.

எங்கள் அப்பத்தா கண்மாய்க் கரம்பையை, அதாவது ஏரியின் அடியில் படியும் வண்டல் மண்ணை, கரைத்துத்தான் தலைக்குக் குளிப்பார். கோடையில் தண்ணீர் வற்றியதும் வெட்டியெடுத்து, காயவைத்து, இடித்துச் சலித்து வைத்துக்கொள்வார். இப்போது சாக்கடையும் வயலுக்கு அடிக்கும் மருந்தும் பல கண்மாய்களில் வந்து சேர்வதால், அதை முகத்துக்குப் பூசச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாட்டு மருந்துக் கடையில் வாசனையோ நிறமோ சேர்க்காத முல்தானி மெட்டித் தூள் கேட்டு வாங்குங்கள். பாகிஸ்தானில் இருக்கும் முல்தான் நகரத்தின் பெயர்தான் அது; ராஜஸ்தானிலும் இந்த மண்ணை வெட்டி எடுக்கிறார்கள்.

முந்தின நாளே கொஞ்சம் குழைத்து முழங்கையின் உட்புறம் தடவிக் கழுவிவிடுங்கள். மறுநாள் வரை அரிப்போ சிவப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். புண், சீழ் வைத்த பரு, கரப்பான் (எக்ஸிமா) இருந்தால் வேண்டாம்; தோல் மருத்துவரைப் பாருங்கள்.

முதலில் முகத்தில் இருக்கும் உப்பு போக வேண்டும். கிணற்றுத் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும் ஊர்களில் அதில் கழுவிப் பயனில்லை. குடிக்கப் பிடித்து வைத்த காவிரித் தண்ணீரில் ஒரு செம்பு இதற்கென்று எடுத்துவையுங்கள். கழுவியபின் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுங்கள்.

அப்புறம் பீங்கான் கிண்ணத்தில் 2 தேக்கரண்டி நல்ல தண்ணீர் விட்டு, அதன் மேல் 2 தேக்கரண்டி தூளைத் தூவி 5 நிமிடம் ஊறவிடுங்கள். தூளில் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டும். குழைத்தால் தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும். தேவைப்பட்டால் இன்னும் சில சொட்டுத் தண்ணீர் சேர்க்கலாம். வறண்ட தோல் என்றால் தண்ணீருக்குப் பதில் கெட்டித் தயிர். எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்வார்கள். வெயிலில் திரியும் நமக்கு அது ஆகாது; சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கறுத்துவிடும்.

கண்ணையும் உதட்டையும் சுற்றி இடம் விட்டு மெல்லிசாகப் பூசுங்கள். இனிமேல்தான் கவனம் வேண்டும். இந்த மண்ணின் துகள்கள் மிக மெல்லிய தகடுகள், அடுக்கடுக்காக இருக்கும். எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் முழுக்கக் காய்ந்தால் தோலில் இருக்கும் ஈரத்தையும் இழுக்க ஆரம்பிக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் திண்ணையில் உட்கார்ந்தால் நாலைந்து நிமிடத்தில் வெடித்துவிடும். அதனால் மின்விசிறியை நிறுத்திவிட்டு உள்ளே உட்காருங்கள். 8 நிமிடம் போதும். ஓரம் வெளுத்து, நடுவில் இன்னும் ஈரம் இருக்கும்போதே எழுந்துவிடுங்கள்.

காய்ந்த மண்ணைச் சுரண்டாதீர்கள். ஈரக் கையால் ஒற்றி, அது இளகியபின் கழுவுங்கள். கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். குழாயில் விட்டால் அடைத்துக்கொள்ளும். முகம் ஈரமாக இருக்கும்போதே இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். எண்ணெய் தடவினால் பரு வருகிறவர்கள் பழகிய லேசான க்ரீம் போடலாம்.

குழைத்தது மிஞ்சினால் எடுத்துவைக்காதீர்கள், கெட்டுவிடும். வாரம் ஒருமுறை போதும்; வறண்ட தோலுக்கு 15 நாளுக்கு ஒருமுறை. நிறம் வெளுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எண்ணெய் வழிவது குறையும், முகம் லேசாக இருக்கும். மாலையில் பூசுவது நல்லது. மறுநாள் காலைவரை வெயிலுக்குப் போகாமல் தோல் ஆறிக்கொள்ளும்.