பெரிய டயர் போட்டபின் மைலேஜ் கணக்கு

ஆஃப்-ரோடு வண்டிக்குப் பெரிய டயர் மாட்டியிருந்தால், ஓடோமீட்டர் காட்டும் தூரத்தைப் புது டயரின் விட்டத்தால் பெருக்கி, பழைய டயரின் விட்டத்தால் வகுத்த பிறகே மைலேஜ் பாருங்கள். 30 அங்குலத்திலிருந்து 33க்கு மாறிய வண்டியில் மீட்டர் 400 கி.மீ. காட்டினால், ஓடியது 440. மீட்டர் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு இப்போது கூடுதல் தூரம் போவது அதற்குத் தெரியாது. மைலேஜ் விழுந்துவிட்டதே என்று பதறுவதில் ஒரு பகுதி இந்தப் பிழைதான். மற்றது நிஜம்: டயரின் எடை, உருளும்போது வரும் தடை. ஆக்ஸில் கியர் விகிதத்தை (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண்) 3.73லிருந்து 4.10க்கு மாற்றினால் எஞ்சின் திணறாது, ஆனால் அந்த எடை அப்படியேதான் இருக்கும்.

மீட்டரைப் புது டயருக்கு ஏற்கெனவே திருத்தியிருந்தாலோ, தூரத்தை ஜிபிஎஸ்ஸில் எடுத்தாலோ இந்தப் பெருக்கல் வேண்டாம். கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை அளக்கும் வண்டியில் ஆக்ஸில் கியரையும் மாற்றியிருந்தால், இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.