குழந்தையின் பல்லுக்கு புரோபயாடிக்: கொடுப்பதாக இருந்தால் இப்படிக் கொடுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிரஷ்ஷுக்கும் ஃபுளோரைடு பேஸ்ட்டுக்கும் புரோபயாடிக் (வாயில் கெட்ட பாக்டீரியாவை அடக்குவதற்காகக் கொடுக்கிற, உயிருள்ள நல்ல பாக்டீரியா) மாற்றே கிடையாது. மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, அப்புறம் ஆறு வயது வரை பட்டாணி அளவு பேஸ்ட், தினம் இரண்டு வேளை, நீங்களே தேய்த்துவிட வேண்டும். இது ஒழுங்காக நடக்கிற வீட்டில் மட்டும் மேலே படியுங்கள்.

மனித வாயில் சுமார் 700 பாக்டீரியா இனங்களை இதுவரை அடையாளம் கண்டிருக்கிறார்கள். பெரும்பாலானவற்றால் தொல்லை இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் மாதிரி, சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகிற கூட்டம் பெருகும்போதுதான் சொத்தை வருகிறது. பல்லின் மேல் பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேல் படலம், கரையத் தொடங்கும், உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணி, சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகும். அதனால் ஒரு டம்ளர் ஜூஸைச் சாப்பாட்டோடு குடித்து முடிக்கிற குழந்தையைவிட, அதே ஜூஸை பாட்டிலில் வைத்துக்கொண்டு மதியம் முழுக்க உறிஞ்சுகிற குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். அந்தப் பழக்கத்தை நிறுத்தாமல் புரோபயாடிக் வாங்குவது வீண் செலவு.

சரி, வாங்கப் போகிறீர்கள் என்றால் டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். வெறுமனே புரோபயாடிக் என்று போட்டிருந்தால் போதாது, எந்த ரகம் என்று எழுதியிருக்க வேண்டும். வாய்க்காக ஆராயப்பட்டவற்றில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலிவேரியஸ் எம்18, லாக்டோபேசிலஸ் ரம்னோசஸ் ஜிஜி இரண்டும் முக்கியமானவை. ஜிஜி கலந்த பாலை ஃபின்லாந்தில் பகல்நேரக் காப்பகக் குழந்தைகளுக்கு ஏழு மாதம் கொடுத்துப் பார்த்து, சொத்தை அபாயம் குறைந்ததாக 2001-இல் வெளியிட்டார்கள், அதிலும் மூன்று நான்கு வயதுக் குழந்தைகளிடம் பலன் தெளிவாகத் தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இப்படிச் சாதகமாக அமையவில்லை, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுக்கிற விதம்தான் பலரும் கோட்டைவிடுகிற இடம். கேப்ஸ்யூலை விழுங்கினால் அது நேரே வயிற்றுக்குப் போய்விடும், வாயில் தங்காது. சப்பிக் கரைக்கிற மாத்திரையாக வாங்கி, ராத்திரி பல் தேய்த்த பிறகு, படுக்கப் போகுமுன் கொடுங்கள், அதற்கு மேல் சாப்பாடு, பால் எதுவும் வேண்டாம். நான்கு வயதுக்குக் கீழே இருந்தால் கெட்டி மாத்திரை தொண்டையில் சிக்கிவிடும், பொடியாக நாக்கில் தூவுவதே நல்லது. இந்த பாக்டீரியாக்கள் வாயில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை, கொடுப்பதை நிறுத்தினால் கொஞ்ச நாளிலேயே குறைந்துவிடும். சர்க்கரை போட்ட ஃப்ளேவர் தயிரை இதற்காகக் கொடுக்காதீர்கள். குறைமாதத்தில் பிறந்த கைக்குழந்தை, எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

மாதம் ஒரு தடவை மேல் உதட்டைத் தூக்கி, முன்பற்களில் ஈறை ஒட்டிய ஓரத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சாக்பீஸ் நிறத்தில் மங்கலாக வெள்ளைக் கோடு தெரிந்தால் எனாமல் கரைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். குழி விழாதவரை ஃபுளோரைடு வார்னிஷ் பூசி மீட்க வாய்ப்புண்டு, ஆகவே மாத்திரை வேலை செய்கிறதா என்று காத்திருக்காமல் அந்த வாரமே பல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.