தண்ணீருக்குப் பயந்தவர்கள் வெனிஸ் போகலாமா?

தாராளமாகப் போகலாம். என் சின்னம்மா கொழும்பு வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தைக் கடக்கும்போதுகூட என் கையை இறுகப் பிடித்துக்கொள்பவர். வெனிஸ் என்றதும் அவருக்கு முகமே வெளிறிவிட்டது. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

படகில் ஏறியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெனிஸுக்கு எதிரே நிலப்பகுதியில் உள்ள மெஸ்த்ரேயிலிருந்து ரயிலில் சுமார் 10 நிமிடத்தில் வெனிஸின் சாந்தா லூச்சியா நிலையத்தில் இறங்கலாம். வழியில் வரும் நீண்ட பாலத்தின் இருபுறமும் தண்ணீர்தான்; ஜன்னலோர இருக்கையை வேறு யாருக்காவது விட்டுக்கொடுங்கள். நகரின் நடுவே ஓடும் பெருங்கால்வாயைக் கடக்க 4 பாலங்கள் இருக்கின்றன. அவற்றில் ரியால்டோதான் என் தெரிவு: இரு வரிசைக் கடைகளுக்கு நடுவே படியேறுவதால் தண்ணீர் கண்ணில் படுவதே குறைவு.

ஒன்றில் மட்டும் மிகுந்த அவதானம் தேவை. பல கால்வாய்க் கரைகளில் தடுப்புக் கம்பி கிடையாது. வீட்டுச் சுவரை ஒட்டியே நடவுங்கள். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கடல்நீர் தெருவுக்கே ஏறுவதுண்டு. மே, ஜூன் நல்லது.

சின்னம்மா இப்போது மாலைதோறும் பேரே வாவிக் கரையில் நடக்கிறார், ஒவ்வொரு நாளும் தண்ணீருக்கு ஓரடி நெருங்கி. நேற்றுக் கம்பியைத் தொட்டு நின்றார்.