நாக்சோஸ் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கத் தீவுகளுக்குக் கிளம்பும் நண்பர்கள், உறவுக்காரர்களின் பயணத் திட்டங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வழக்கம். இந்த ஆண்டு வந்தவற்றிலும் அதே பழைய பிழைகள்தான். தொப்பி, சன்ஸ்கிரீன் பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

காலையில் கப்பல், இரவில் விமானம்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. நாக்சோஸிலிருந்து ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்குப் பெரிய கப்பலில் சுமார் ஐந்தரை மணி நேரம். காலையில் ஏறினால் மாலைக்குள் வந்துவிடலாம், இரவு விமானத்தைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். காகிதத்தில் சரியாகத்தான் இருக்கும்.

கணக்கில் வராதது மெல்டெமி. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று அது. புயல் என்றால் நமக்கு மேகமும் மழையும்தான் நினைவுக்கு வரும். மெல்டெமி நாளில் வானம் துடைத்த மாதிரி நீலமாக இருக்கும், வெயில் கொளுத்தும். கடல் மட்டும் கரையிலிருந்து அடிவானம் வரை வெள்ளை நுரையாக இருக்கும். காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 8-ஐ ஒட்டிப் போனால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடலாம். வேகப் படகுகள் அதற்கும் முன்பே நின்றுவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் நாக்சோஸின் முக்கிய ஊரான ஹோராவின் துறைமுகத்தில் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தது. "அண்ணா, இங்க நல்லா வெயில் அடிக்குது, ஏன் கப்பல் விட மாட்டேங்கிறாங்க?" என்று தம்பி போனில் கேட்டான். கப்பல் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பி வந்தது. தனியாக வாங்கிய விமான டிக்கெட் போனது போனதுதான். நான்கு பேருக்கும் புது டிக்கெட். அதைவிடப் பெரிய பயம், ஷெங்கன் விசாவில் தங்க அனுமதித்த நாள்கள் அன்றோடு முடிகின்றன என்பது.

தீவில் சின்ன விமான நிலையம் இருக்கிறதே என்பார்கள். ஏதென்ஸுக்குப் போவது சிறிய விமானங்கள். கப்பல் நின்ற நாளில் எல்லோரும் அந்தச் சில இடங்களுக்குத்தான் அலைவார்கள்.

அதனால் கடைசி இரவு ஏதென்ஸில் இருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் என்றால் இரண்டு இரவு, ஏனென்றால் தடை சில சமயம் ஒரு நாளைத் தாண்டும். விசாவிலும் இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். அக்ரோபோலிஸைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் அந்த நாளும் வீணாகாது.

வரைபடத்தை நம்பி நேரம் போடுவது

சிக்லாடீஸ் தீவுக்கூட்டத்திலேயே பெரியது நாக்சோஸ். நடுவில் முழுக்க மலை. ஹோராவிலிருந்து வடகோடி அப்பொல்லோனாஸுக்கு வளைந்து வளைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே பழைய கல்குவாரியில் பத்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள, செதுக்கி முடிக்காத பளிங்குச் சிலை மல்லாந்து கிடக்கிறது. அதையும், தெருவெல்லாம் பளிங்கு பதித்த அப்பெய்ராந்தோஸ் கிராமத்தையும், மாலையில் கடல் குளியலையும் ஒரே நாளில் திணித்தால் எதையும் நின்று பார்க்க முடியாது. மலைக்கு ஒரு நாளை முழுசாகக் கொடுங்கள்.

காற்று பார்க்காமல் கடற்கரை பிடிப்பது

குழந்தைகளோடு போனால் ஹோராவை ஒட்டிய அகியோஸ் யோர்கியோஸ், ஆழம் குறைவு. மிக்ரி விக்லா காற்றுச் சறுக்கு விளையாடுகிறவர்களின் இடம். பிளாகாவின் நீண்ட மணல் அழகுதான், ஆனால் காற்று பலத்த நாளில் அதே மணல் காலில் ஊசியாகக் குத்தும்.

ஜாஸ் மலைக்கு மதியம் கிளம்புவது

உயரம் சுமார் 1,000 மீட்டர். மேலே நிழல் கிடையாது. விடியற்காலையில் ஏறுங்கள், தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் அனுமதி

தீவில் வாடகை வண்டி ஓட்டுவதானால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே ஆர்டிஓவில் எடுத்துவிடுங்கள்.

சாந்தோரினி தீவிலிருந்து நாக்சோஸுக்கு ஒரே நாளில் போய் வருவது

வேண்டாம்.