மோட்டார் கேபிளின் மின் இரைச்சலை அடக்குவது எப்படி?

சிங்கப்பூரில் துவாஸ், ஜூரோங் பக்கம் பராமரிப்பு வேலையில் சேரும் நம் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது: "ஷீல்டு கேபிள்தான் இழுத்தோம் அண்ணே, அப்படியும் மோட்டார் ஓடினால் சென்சார் ரீடிங் குதிக்கிறதே, ஏன்?" ஷீல்டு என்பது கேபிளுக்குள் ஒயர்களைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல். பெரும்பாலும் கேபிளில் குறை இருக்காது. அதன் இரண்டு முனைகளைப் பாருங்கள்.

இங்குள்ள 400 வோல்ட் மூன்று ஃபேஸ் மின்சாரத்தை இன்வெர்ட்டர் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஏறக்குறைய 565 வோல்ட் டிசியாக மாற்றி, நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் மின்னோட்டம் கேபிளிலிருந்தும் மோட்டார் சுருளிலிருந்தும் எர்த்துக்குக் கசியும். அது இன்வெர்ட்டருக்கே திரும்பியாக வேண்டும். ஷீல்டு நல்ல வழி கொடுத்தால் அதிலேயே வந்துவிடும். கொடுக்காவிட்டால் கேபிள் ட்ரே, கட்டட இரும்பு, உங்கள் சென்சார் ஒயர் என்று கிடைத்த வழியில் வரும்.

படி 1: மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுங்கள். இன்வெர்ட்டர் மேல் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருந்து, டிசி முனைகளில் மீட்டர் வைத்துப் பாருங்கள். கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரம் ஆளைக் கொல்லும். உரிமம் பெற்ற மின்பணியாளரின் மேற்பார்வை இல்லாமல் தொடாதீர்கள்.

படி 2: இதுதான் முக்கியமான வேலை. பல பேனல்களில் ஷீல்டைப் பிரித்து, முறுக்கி, 10 செ.மீ. வால் போல எர்த் திருகில் மாட்டியிருப்பார்கள். சாதாரண 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது நல்ல இணைப்புதான். இன்வெர்ட்டர் வெட்டும்போது எழும் 10 மெகாஹெர்ட்ஸ் மின் இரைச்சலுக்கோ அந்த வால் மட்டுமே சுமார் 6 ஓம் தடை. அதை வெட்டிவிடுங்கள். வெளி உறையை 3 செ.மீ. அளவுக்கு மட்டும் உரியுங்கள். கத்தி பின்னலில் படக்கூடாது. பின்னலைப் பிரிக்காமல், அதைச் சுற்றிலும் இறுகப் பிடிக்கும் உலோகக் கிளாம்பைப் போட்டு, பேனலின் பின்தகட்டில் பொருத்துங்கள். அந்த இடத்தில் பெயிண்ட் இருந்தால் வெறும் உலோகம் தெரியச் சுரண்டுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் துரு பிடிக்கும், அதனால் துத்தநாகம் பூசிய தகடே நல்லது.

படி 3: மோட்டார் பக்கமும் இதே கதைதான். கேபிள் மோட்டார் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளாண்டை எடுத்துவிட்டு, ஷீல்டைச் சுற்றிப் பிடிக்கும் உலோக கிளாண்டைப் போடுங்கள். மோட்டார் கேபிளுக்கு ஷீல்டு இரு முனையிலும் எர்த் ஆக வேண்டும். தனி எர்த் ஒயரை மட்டும் கழற்றிவிடாதீர்கள், பாதுகாப்புக்கு அது வேண்டும்.

படி 4: சென்சார் ஒயரை மோட்டார் கேபிளிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஓட்டுங்கள். குறுக்கே போக வேண்டுமானால் செங்குத்தாகப் போகட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் ரீடிங் குதித்தால் மட்டும் ஃபெரைட் வளையத்தை (மின் இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம்) தேடுங்கள்; சிம் லிம் டவர் உதிரிபாகக் கடைகளில் விசாரிக்கலாம். மூன்று ஃபேஸ் ஒயர்களையும் ஒன்றாக வளையத்துக்குள் விடுங்கள், எர்த்தையும் ஷீல்டையும் வெளியே விட்டுவிடுங்கள். இன்வெர்ட்டரின் கேரியர் அலைவெண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை முறை வெட்டுகிறது என்பதை, குறைத்தாலும் கசிவு குறையும், ஆனால் மோட்டார் சத்தம் கூடும்.